தோற்றவரின் கையெழுத்து

‘வாக்குப்பெட்டியின் கதை’ – வரலாற்றுத் தொடர் – 14

மாசி மகத்தன்று அண்ணாமலையார் ஊரைவிட்டுப் புறப்படுவார். திருவண்ணாமலையிலிருந்து பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுத்துத் தீர்த்தவாரி முடித்துத் திரும்புவார். போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் 14-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரை இருப்பிடமாக வைத்து ஆட்சி செய்தவன்; மதுரை சுல்தானோடு நடந்த போரில் உயிரை விட்டவன். கோயிலுக்குள் அவன் பெயரிலேயே வல்லாள கோபுரம் நிற்கிறது. பிள்ளை இல்லாத மன்னனுக்கு ‘நானே பிள்ளை’ என்று இறைவன் வாக்குக் கொடுத்தார், அந்த வாக்கைத்தான் ஆண்டுதோறும் காப்பாற்றுகிறார் என்பது ஊர் நம்பிக்கை.

மன்னனுக்குப் பின் யார் என்ற கேள்வி முடியாட்சிக் காலத்தை எவ்வளவு வாட்டியது என்பதற்கு இந்தச் சடங்கே சாட்சி. ரத்த உறவு வேண்டும். அது இல்லாவிட்டால் தெய்வமே இறங்கி வர வேண்டும். குடியாட்சியில் இந்த இரண்டு வழியும் கிடையாது. அடுத்து யார் என்பதை மனிதர்கள் கூடிப் பேசி, ஒரு பெயரைச் சொல்லி, வாக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். அதோடு தீர்ந்துவிடுவதில்லை. தன் ஆள் தோற்றுப்போனவனும் ‘சரி, இனி இவர்தான்’ என்று மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும். கடினமான காரியம் அதுதான். இந்த வாரம் நாம் பார்க்கப் போவது அதைத்தான். திருவண்ணாமலையில் நடந்த ஓர் இடைத்தேர்தலில் தொடங்கி, டெல்லியில் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஒரே மனிதரின் பெயர் இரண்டு முறை முன்வைக்கப்பட்டது வரை நீளும் கதை இது.

1963: ஓர் இடைத்தேர்தல்

சென்ற இதழில் 1962 பொதுத்தேர்தலைப் பார்த்தோம். சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 206 இடங்களில் காங்கிரசுக்கு 139, தி.மு.க.வுக்கு 50. ஐந்தாண்டுகளுக்கு முன் 15 இடம் வாங்கிய கட்சிக்கு 50 என்பது பெரிய வளர்ச்சி. ஆனால் அந்த வளர்ச்சிக்குள் ஒரு வலியும் இருந்தது. 1957-ல் ஜெயித்த அந்த 15 பேரில் மறுபடி சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர் தஞ்சாவூரில் நின்ற கருணாநிதி ஒருவரே. காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். திருவண்ணாமலையில் ப.உ. சண்முகம் தோற்றார். பணம் பாய்ந்து மக்கள் தீர்ப்பைத் திருப்பிவிட்டது என்று தி.மு.க. மேடைதோறும் சொன்னது.

திருவண்ணாமலைத் தோல்வி கட்சிக்காரர்களை உறுத்தியதற்குக் காரணம் உண்டு. தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்பதையே வாக்கெடுத்து முடிவு செய்த கட்சி தி.மு.க. 1956 திருச்சி மாநாட்டில் வந்திருந்தவர்களிடம் வாக்குச்சீட்டு கொடுத்துக் கேட்டார்கள். நிற்கலாம் என்றவர்கள் 56,942 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர். அதன் பிறகு வந்த 1957 தேர்தலில் அந்தக் கட்சியிலிருந்து மக்களவைக்குப் போனவர்கள் இரண்டே பேர். நாமக்கல்லிலிருந்து ஈ.வெ.கி. சம்பத், திருவண்ணாமலையிலிருந்து இரா. தர்மலிங்கம். அதே தேர்தலில் திருவண்ணாமலை சட்டமன்றத் தொகுதியையும் சண்முகம் பிடித்திருந்தார். கட்சியின் முதல் அறுவடை விளைந்த மண் இது.

1963-ல் திருவண்ணாமலையில் இடைத்தேர்தல் வந்தது. இடையில் நிறைய நடந்திருந்தது. 1962 ஜூலையில் விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராடி தி.மு.க.வினர் சிறைக்குப் போனார்கள். அக்டோபரில் சீனப் போர் மூண்டது. நாட்டுக்கு ஆபத்து வந்த நேரத்தில் தனிநாடு கேட்பதை நிறுத்தி வைத்தார் அண்ணா.  பழைய முழக்கம் அடங்கியிருந்த நிலையில் மக்களிடம் எந்த முகத்தோடு போவது? யாரை நிறுத்துவது?

தோற்றவரை ஓரங்கட்டிவிட்டுப் புது ஆளைத் தேடுவதுதான் தேர்தல் நேரத்தில் கட்சிகள் போடும் கணக்கு. தி.மு.க. முந்தைய ஆண்டு தோற்ற சண்முகத்தையே திரும்ப நிறுத்தியது. முந்தைய முடிவை நாங்கள் நம்பவில்லை, அதே ஆளோடு வருகிறோம், நீங்களே மறுபடி சொல்லுங்கள் என்று தொகுதியைக் கேட்டது போல இருந்தது அது. தொகுதியும் சொன்னது. சண்முகம் ஜெயித்தார். 1962 பற்றி எழுந்த புகாருக்கு விடை வழக்கு மன்றத்தில் வரவில்லை. அடுத்த வாக்குப்பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

பதவியை வைத்துவிட்டு

ஒரு தொகுதி போனதால் காங்கிரஸ் ஆட்சிக்கு எந்த ஆபத்தும் இல்லை. காமராஜர் 1954 ஏப்ரல் முதல் முதலமைச்சர். பள்ளிக்கூடங்கள், மதிய உணவு, அணைகள், தொழிற்பேட்டைகள் என்று எடுத்துக்காட்ட எவ்வளவோ இருந்தன. இடைத்தேர்தல் தோல்வியை உள்ளூர்க் கோளாறு என்று சொல்லித் தள்ளிவிட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இத்தனை செய்தும் இளைஞர்கள் எதிர்ப்பக்கம் போகிறார்கள் என்றால், ஆட்சி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெருவில் நிற்பவர்களுக்கும் நடுவே எங்கோ நூல் அறுந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். அந்த ஆண்டுகளின் தமிழக அரசியலை எழுதியவர்கள் பலரும் காமராஜர் திட்டத்தின் விதை திருவண்ணாமலையில் விழுந்தது என்று குறிப்பிடுகிறார்கள்.

வடக்கிலும் அதே ஆண்டு அதே சேதி. அம்ரோகாவில் ஆசாரிய கிருபளானி, ஃபரூக்காபாத்தில் ராம் மனோகர் லோகியா, ராஜ்கோட்டில் மினு மசானி என மூன்று மக்களவை இடைத்தேர்தல்களிலும் காங்கிரஸ் தோற்றது. சீனப் போரில் பட்ட அடி ஆறாத நேரம். ஆகஸ்டில் நேரு அரசின் மீது கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். மக்களவை கண்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. 62-க்கு 347 என்ற கணக்கில் தோற்றது. சபைக்குள் நம்பிக்கைக்குக் குறைவில்லை, குறைந்தது வெளியே.

மூத்தவர்கள் பதவியை விட்டுவிட்டு மக்களிடம் திரும்பிப் போக வேண்டும் என்று காமராஜர் நேருவிடம் சொன்னார். ஆகஸ்டில் காங்கிரஸ் காரியக் கமிட்டி அதை ஏற்றது. மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜகஜீவன் ராம், எஸ்.கே. பாட்டீல் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்கள் விலகினார்கள். ஆறு முதலமைச்சர்களும் விலகினார்கள். யோசனை சொன்னவர் தன்னை விலக்கி வைத்துக்கொள்ளவில்லை. 1963 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். பக்தவத்சலம் அந்த இடத்துக்கு வந்தார்.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பல விமர்சனங்கள் உண்டு. போட்டியாளர்களை அப்புறப்படுத்த நேருவுக்கு அது வசதியாகப் போயிற்று என்பார்கள். மாநிலத்தில் காமராஜர் இல்லாத வெற்றிடம் 1967-ல் காங்கிரசையே விழுங்கியது என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும், தோல்வி வந்தவுடன் குற்றத்தை எதிராளியிடம் தேடாமல் தன்னிடம் தேடிய ஆளும்கட்சித் தலைவர் ஒருவர் இருந்தார் என்ற உண்மையை அவை அழித்துவிட முடியாது.

‘பார்க்கலாம்’ என்ற சொல்

காமராஜர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். 1964 மே 27-ல் நேரு மறைந்தார். நேருவுக்குப் பின் யார் என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி விருதுநகர்க்காரர் மடியில் வந்து விழுந்தது.

யார் போய்க் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்பது அவர் வழக்கம். அந்த ஒற்றைச் சொல்லை மழுப்பல் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்த நாட்களில் அது மழுப்பலாக இல்லை. கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் முதலமைச்சர்களையும் தனித்தனியே பார்த்தார், கேட்டார். தன் முடிவைச் சொல்வதற்கு முன் மற்றவர்கள் மனதில் என்ன என்று கேட்டறிந்தார். பெரும்பாலோர் சாஸ்திரி பக்கம் என்பது தெளிவானது. போட்டியில் இருந்த மொரார்ஜியிடமும் அது சொல்லப்பட்டது. ஜூன் 2-ஆம் தேதி கட்சிக் கூட்டத்தில் இடைக்காலப் பிரதமர் நந்தா சாஸ்திரி பெயரை முன்மொழிந்தார். வழிமொழிந்தவர் மொரார்ஜி தேசாய்!

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பை இழந்தவரே ஜெயித்தவர் பெயருக்குத் தன் குரலைக் கொடுக்கிறார். அன்று யாரும் தெருவில் இறங்கவில்லை. பிரதமர் மாறினார், நாடு தன் வேலையைப் பார்த்தது. 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தபோது மொரார்ஜி இம்முறை விட்டுக்கொடுக்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. அதுவும் முறையாக நடந்த தேர்வுதான். அந்த முடிவையும் மொரார்ஜி ஏற்றார்.

1969: கையெழுத்து ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம்

1969 மே 3-ல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். அப்படி மறைந்த முதல் குடியரசுத் தலைவர் அவர். துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பை ஏற்றார். இவர் நமக்கு அந்நியர் இல்லை. 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் அமைத்த அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர்.

ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கூடியது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது கட்சியின் நாடாளுமன்றக் குழு. காந்தி நூற்றாண்டு ஆண்டில் தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஜகஜீவன் ராம் குடியரசுத் தலைவராக வேண்டும் என்றார் இந்திரா. காமராஜர், நிஜலிங்கப்பா, மொரார்ஜி, எஸ்.கே. பாட்டீல் ஆகியோர் மக்களவைத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டியை முன்வைத்தார்கள். குழுவில் பெரும்பான்மை ரெட்டி பக்கம். முடிவு எடுக்கப்பட்டது.

சஞ்சீவ ரெட்டி தகுதியில் குறைந்தவர் இல்லை. ஆந்திரத்தின் முதலமைச்சராக இருந்தவர். 1967-ல் மக்களவைத் தலைவரானதும், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கட்சி கூடாது என்று காங்கிரஸ் உறுப்பினர் பதவியையே விட்டவர். நடுநிலை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறு என்ன வேண்டும்? ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்த விதத்தில் நடுநிலை இல்லை. பிரதமரைக் கட்டுப்படுத்த ஒரு ஆள் வேண்டும் என்று மூத்தவர்கள் நினைத்ததாகப் பிரதமர் நம்பினார். 1964-ல் ஒவ்வொருவர் மனதையும் கேட்டறிந்த காமராஜர், 1969-ல் ஒரு அறைக்குள் எண்ணப்பட்ட சில கைகளோடு நின்றுவிட்டார். அவர் மீது மதிப்பு வைத்திருப்பவர்களுக்கு எழுதவே கசக்கும் வரி இது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த நாட்கள் வேகமாக ஓடின. மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. ஜூலை 19-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. மறுநாள் கிரி பதவி விலகி, சுயேச்சையாகப் போட்டியில் நின்றார். சஞ்சீவ ரெட்டியின் வேட்புமனுவில் இந்திராவே கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு, சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் நிறுத்திய சி.டி. தேஷ்முக்கின் ஆதரவாளர்களிடம் இரண்டாம் விருப்ப வாக்கை ரெட்டிக்குத் தரும்படி நிஜலிங்கப்பா பேசினார் என்ற செய்தி வந்தது. அதைக் காரணம் காட்டி, அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் இந்திரா. தான் கையெழுத்திட்ட வேட்பாளருக்கு எதிராகத் தன் கட்சியையே திருப்பிவிட்டார். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு பிப்ரவரியில் முதலமைச்சரான கருணாநிதியும் தி.மு.க.வும் கிரி பக்கம் நின்றார்கள்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு என்ற கணக்கு கிடையாது. மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை 1,000-ஆல் வகுத்தால் கிடைப்பது ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு. இப்போது தமிழ்நாட்டில் அது 176. திருவண்ணாமலை உறுப்பினர் போடும் ஒரு சீட்டுக்கும் அதுவே மதிப்பு. 1969-ல் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் மதிப்பு 576. சீட்டில் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு அவருடைய சீட்டுகளில் 2 என்று யார் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறதோ அவருக்கு மாற்றுவார்கள்.

ஆகஸ்ட் 16-ல் வாக்குப்பதிவு, 20-ல் எண்ணிக்கை. ஜெயிக்கத் தேவை 4,18,169. முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. யாரும் எல்லையைத் தொடவில்லை. சிறு வேட்பாளர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டார்கள், தேஷ்முக்கும் நீக்கப்பட்டார். கடைசிக் கணக்கில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேவைக்கு மேல் கிரி வாங்கியது 1,908 மட்டும். மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாக்கு மதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இரண்டாம் விருப்ப வாக்கால் முடிவான ஒரே குடியரசுத் தலைவர் தேர்தல் இன்றுவரை இதுதான். அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. சஞ்சீவ ரெட்டி அனந்தப்பூருக்குத் திரும்பி விவசாயம் பார்க்கப் போனார்.

நீதிமன்றத்துக்கு வந்த குடியரசுத் தலைவர்

முடிவு அதோடு ஓயவில்லை. தேர்தலுக்கு முன் சஞ்சீவ ரெட்டியைக் கேவலப்படுத்தும் கையெழுத்தில்லாத துண்டறிக்கை ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே பரவியது. அதன் பேரில் கிரியின் தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. நீதிபதி சிக்ரி தலைமையிலான அமர்வு விசாரித்தது.

குடியரசுத் தலைவரை நீதிமன்றத்துக்கு அழைப்பதா? மாளிகைக்கே ஆள் அனுப்பிச் சாட்சியம் பதிவு செய்ய வழி இருந்தது. கிரி அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை. நாட்டின் முதல் குடிமகன் தானே நீதிமன்றத்துக்கு வந்தார். கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பதவியில் இருக்கும்போது உச்ச நீதிமன்றத்தில் நேரில் வந்து சாட்சியம் அளித்த குடியரசுத் தலைவர் வேறு எவரும் இல்லை. 1970 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. துண்டறிக்கை பரவியது உண்மை, ஆனால் அதில் கிரிக்குப் பங்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை, வழக்கு தள்ளுபடி.

தேர்ந்தெடுத்த விதத்தில் ஏற்பட்ட காயத்துக்கு இந்த ஒரு செயல் மருந்து போட்டது. என் மேல் சந்தேகம் இருக்கிறதா, கேளுங்கள், வந்து பதில் சொல்கிறேன் என்று நிற்கும் பதவிதான் நம்பிக்கைக்கு உரியது. இந்தத் தொடரின் தொடக்கத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது, அவர் உறவினர் பெயரையும் எழுதக் கூடாது என்று முதலாம் பராந்தகன் காலத்துச் சபை கல்லில் வெட்டி வைத்தது. ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டும் ஒரே நியாயத்தைத்தான் பேசுகின்றன.

ஐந்தே ஆண்டுகளில் நாடு எதிர்த்திசையில் போனது. 1975 ஜூன் 12-ல் ரேபரேலியில் இந்திரா பெற்ற வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. ஜூன் 25-ல் நெருக்கடி நிலை. ஆகஸ்டில் 39-ஆவது திருத்தம் வந்தது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர், மக்களவைத் தலைவர் ஆகியோரின் தேர்தல்களை நீதிமன்றங்களுக்கு எட்டாத உயரத்தில் தூக்கி வைத்தது. கிரி இறங்கி வந்த படிகளையே அரசு இடித்துத் தள்ளிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 2-ல் காமராஜர் மறைந்தார். முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கிய அதே தேதி, சரியாகப் 12 ஆண்டு கழித்து.

1977: அதே பெயர்

1977 மார்ச்சில் மக்கள் நெருக்கடி நிலைக்குத் தீர்ப்பெழுதினார்கள். மொரார்ஜி பிரதமரானார். பிப்ரவரியிலேயே ஃபக்ருதீன் அலி அகமது மறைந்துவிட்டதால் குடியரசுத் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. நெருக்கடி நிலை ஆணையில் நள்ளிரவில் கையெழுத்துப் போட்ட நாற்காலி அது. அதன் மீது மக்களுக்கு நம்பிக்கை திரும்ப வேண்டும். யாரை உட்கார வைப்பது?

மொரார்ஜி முதலில் நினைத்தது கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேலை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒப்புக்கொண்டிருந்தால், மதுரையில் பிறந்த ஒரு பெண் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவராகியிருப்பார்.

அதன் பிறகு வந்த பெயர் நீலம் சஞ்சீவ ரெட்டி. ஆந்திரத்தில் ஜனதாக் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடமான நந்தியாலில் ஜெயித்து வந்து, மறுபடி மக்களவைத் தலைவராகியிருந்தார். 1969-ல் ஒரு கட்சியை உடைத்த பெயர் இம்முறை எல்லாக் கட்சிகளையும் சேர்த்தது. ஆளும் ஜனதா முன்வைத்தது, தோற்றுப்போயிருந்த காங்கிரசும் ஏற்றது. 37 பேர் மனுத்தாக்கல் செய்தார்கள். பத்து உறுப்பினர்கள் முன்மொழிந்து பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்று 1974-ல் வந்த சட்டம் குறுக்கே நின்றதால் மற்றவர்கள் மனுக்கள் தங்கவில்லை. ரெட்டி மட்டும் போட்டியின்றித் தேர்வானார். ஜூலை 25-ல் பதவியேற்றவர், ஏழைகள் நிறைந்த நாட்டில் இது எதற்கு என்று தன் சம்பளத்தில் 70 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு 44-ஆவது திருத்தம் குடியரசுத் தலைவர் தேர்தல் வழக்குகளைத் திரும்ப உச்ச நீதிமன்றத்தின் கையில் கொடுத்தது.

மனிதர் ஒருவர்தான். எட்டு ஆண்டில் அவர் குணம் மாறிவிடவில்லை. 1969-ல் அவரைச் சிலர் சேர்ந்து சிலருக்கு எதிராகத் தேர்ந்தெடுத்தார்கள், நாடு பிளந்தது. 1977-ல் எல்லோரையும் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், நாடு மூச்சுவிட்டது. நல்ல பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், நம்பிக்கை தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வரலாற்றில் கிடைப்பது அரிது.

கடல் தாண்டி

நம் பக்கத்து வீட்டிலும் இந்தப் பாடம் எழுதப்பட்டது. இலங்கையில் 2005 ஜனாதிபதித் தேர்தலை வடக்கில் புலிகள் புறக்கணிக்கச் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. மகிந்த ராஜபக்ச 1,80,786 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2010-ல் தோற்ற சரத் பொன்சேகா முடிவை ஏற்க மறுத்தார்; சில நாட்களிலேயே கைதானார். இந்தக் கசப்புக்குப் பிறகு எதிர்க்கட்சிகளும் பொது அமைப்புகளும் கூடிப் ‘பொது வேட்பாளர்’ ஒருவரைத் தேடின. மகிந்தவின் அமைச்சரவையிலிருந்தே வெளியே வந்த மைத்திரிபால சிறிசேன அந்த இடத்துக்கு வந்தார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஆதரித்தது. 2015 ஜனவரி 8-ல் யாழ்ப்பாணத்து மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். சிறிசேன 51.28 சதவீதம் வாங்கினார். மறுநாள் விடியும்போது மகிந்த அலரி மாளிகையை விட்டுக் கிளம்பிவிட்டார். சில மாதங்களில் 19-ஆவது திருத்தம் சுதந்திரமான தேர்தல் ஆணைக்குழுவுக்கு வழி செய்தது. ஆனால் 2018 அக்டோபரில் அதே சிறிசேன பிரதமரைத் தடாலடியாக நீக்கி மகிந்தவை அந்த இடத்தில் அமர்த்தினார். பொது வேட்பாளர் என்ற பெயர் வெற்றியைத் தந்தது. நம்பிக்கையைக் காக்கும் வேலையை அந்தப் பெயரால் செய்ய முடியவில்லை. ஆணைக்குழுவும் நீதிமன்றமும்தான் செய்ய வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஃபுளோரிடா வாக்குகளை மறுபடி எண்ணுவதா என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. தோற்ற அல் கோர் அப்போது துணை அதிபர். வாக்குகளை எண்ணி அறிவிக்கும் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டியவரும் அவரே. 2001 ஜனவரி 6-ல் அந்த மேடையில் நின்று, தன்னைத் தோற்கடித்தவர் ஜெயித்தார் என்று தன் வாயால் அறிவித்தார். 1964-ல் மொரார்ஜி செய்ததும் இதைத்தான்.

மாலை ஆறு மணிக்கு

திருவண்ணாமலைக்குத் திரும்புவோம். பொதுத்தேர்தல் நாளன்று மாலை, வாக்குப்பதிவு முடிந்ததும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். கரும்பலகையில் காலையில் எழுதிய பாகம் எண் அழியாமல் இருக்கும். சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தபடி வாக்குச்சாவடி அலுவலர் ‘17 சி’ என்ற படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பார். இந்தச் சாவடியில் எத்தனை வாக்காளர்கள், எத்தனை பேர் வாக்களித்தார்கள், எந்திரத்தில் எத்தனை வாக்கு, முத்திரைத்தாளின் எண் என்ன. சுற்றிலும் கட்சி முகவர்கள் நிற்பார்கள். காலை முதல் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள்தான். ஒருவர் மற்றவருக்குப் பேனாவை நீட்டுவார். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகலை வாங்கிச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொள்வார்கள். எண்ணிக்கை நாளில் எந்திரம் சொல்லும் எண்ணும் அந்தத் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள்.

அவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருடைய வேட்பாளரும் தோற்கப் போகிறவர்கள். அது தெரிந்தே கையெழுத்துப் போடுகிறார்கள். வல்லாளனுக்கு அண்ணாமலையார் கொடுத்த வாக்கைப் போல, இவர்களும் ஒரு வாக்குக் கொடுக்கிறார்கள். நான் தோற்றாலும் இந்தக் கணக்கு சரி என்று. ஜெயித்தவர்கள் கையெழுத்தால் எந்த ஆட்சியும் நிலைத்ததில்லை. அந்தப் பேனாவைத் தோற்கப் போகிறவர் கையில் நீட்டுவதற்கு நமக்கு எப்போதும் மனம் வர வேண்டும். அவர் தயங்காமல் வாங்கிக் கையெழுத்திடும்படி நம் கணக்கும் நேராக இருக்க வேண்டும்.

(அடுத்த இதழில்: வாக்காளர் கைக்குப் புகைப்பட அடையாள அட்டை வந்த கதை. 1990 டிசம்பரில் தேர்தல் ஆணையத்துக்குள் நுழைந்தார் டி.என். சேஷன்.)